முகப்பருவுக்காக மலையிறங்கி அலைந்த அனுபவம்

பரு நிறைந்த முகத்தோடு கோத்தகிரி மார்க்கெட்டில் நடந்தால், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் நம் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். "சாக்லேட்டை நிறுத்து" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஹோம்மேட் சாக்லேட் தெருவுக்குத் தெரு விற்கும் மாவட்டம் என்பதால் இங்கே பழி முதலில் அதன்மேல் விழும். அடுத்து முட்டை, கோழி, மாம்பழம், பஜ்ஜி. பெரியம்மா வந்து, "எல்லாம் உடம்புச் சூடு" என்று முடித்துவிட்டார். அம்மா ஒன்று மாற்றி ஒன்றாக எல்லாவற்றையும் நிறுத்தினார். கடைசியில் ரசம் சாதமும் இட்லியும்தான் மிச்சம். உடம்பு இளைத்ததே தவிரப் பரு குறையவில்லை. தாடையை ஒட்டி, தலையணையில் முகம் பட்டாலே வலிக்கிற மாதிரி உருண்டை உருண்டையாக வந்துகொண்டே இருந்தது.

இத்தனை பேர் சொன்னதில் ஒருவர்கூட நான் குடிக்கிற டீயைப் பற்றிக் கேட்கவில்லை. தேயிலை ஃபேக்டரி ஒன்றில் கணக்கு எழுதும் வேலை எனக்கு. காலையில் போனதும் ஒரு டீ, பதினொரு மணிக்கு ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று, நாலு மணிக்கு வர்க்கி பிஸ்கட்டோடு ஒன்று, வீட்டுக்கு வந்து இரண்டு. எல்லாமே பால் ஊற்றி, சர்க்கரை தூக்கலாகப் போட்டது. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்று வைத்தாலே ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ஸ்பூன் சர்க்கரை. இந்தக் குளிரில் இது யாருக்கும் கணக்கில் வராது, தண்ணீர் குடிப்பது போலத்தான்.

அந்த விஷயத்துக்கு வருவதற்கு முன்னால் க்ரீம் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எனக்கு அதிகக் கெடுதல் செய்தது எந்தச் சாப்பாடும் இல்லை, அதுதான்.

ஒரு மெடிக்கலில் பருவுக்கு மருந்து கேட்டபோது, சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு ட்யூபை எடுத்துக் கொடுத்தார்கள். "எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க, கலரும் வரும்" என்றார் கடைக்காரர். முதல் வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. பக்கத்து வீட்டு அக்கா வந்து பேர் எழுதி வாங்கிப் போனார். போடாமல் விட்ட சில நாட்களில் முகம் முழுக்கச் சிவந்து, எரிந்து, பொடிப் பொடியாகக் கொப்புளம் கிளம்பியது. திரும்பப் போட்டால் அடங்கும், விட்டால் கிளம்பும். அது ஸ்டீராய்டு கலந்த க்ரீம் என்பது கோவையில் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. இப்படிப்பட்ட 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை 2018இலேயே மத்திய அரசு ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்துவிட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆனாலும் விற்கிறார்கள். ட்யூபின் பின்பக்கம் சின்ன எழுத்தில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் என்று ஏதாவது இருந்தால், தோல் டாக்டர் சொல்லாமல் முகத்தில் வைக்காதீர்கள். வீட்டில் பெண் பிள்ளைகள் இருப்பவர்கள் தயவுசெய்து அவர்கள் மேஜையில் இருக்கும் ட்யூபை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

முகம் சிவந்தபோது மலையிலேயே ஒரு மருத்துவமனைக்குப் போனேன். அரை நாள் லீவு போட்டு, வரிசையில் நின்று, சீட்டு வாங்கி உள்ளே போனால், "தோல் டாக்டர் இன்னிக்கு இல்லம்மா, கேம்ப் போயிருக்காங்க. அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். சீட்டுக் கொடுக்கும் இடத்திலேயே இதைச் சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் போனபோது டாக்டர் இருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடாதே" என்று ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாம் தின்கிற பஜ்ஜியின் எண்ணெய் நேராக முகத்துக்கு வந்து வழிவதில்லை. முகத்தின் எண்ணெய் தோலுக்கு அடியில் இருக்கும் சுரப்பியில் ஊறுவது. அந்த மாத்திரையில் பி12 நிறைய இருந்தது. பி12 அளவு கூடினால் சிலருக்குப் பரு மாதிரியே வெடிக்கும் என்பது மருத்துவ உலகத்துக்குத் தெரிந்த சங்கதி. பின்னால் கோவை டாக்டர் அந்த அட்டையைப் பார்த்ததும், "குறைபாடு இருக்கான்னு டெஸ்ட் பண்ணினாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். பண்ணவில்லை.

அதற்கும் முன்னால் கீழே ஒரு ஸ்கின் கிளினிக். கண்ணாடிக் கதவு, ஏசி, உட்கார்ந்ததும் பேக்கேஜ் விலை. அங்கே கொடுத்த டயட் சார்ட்டில் கீன்வா என்ற வெளிநாட்டுத் தானியம், பாதாம் பால், ஆலிவ் ஆயில், சால்மன் மீன், அவகாடோ. என் சம்பளத்துக்கு ஒரு வாரம்கூடத் தாங்காது. அந்தச் சார்ட்டில் இருந்தவற்றில் எங்கள் பக்கம் கிடைப்பது அவகாடோ என்கிற பட்டர் ஃப்ரூட் ஒன்றுதான், அது இங்கே வீட்டுக் கொல்லையிலேயே காய்க்கிறது. பணம் கட்டாமல் எழுந்து வந்ததில் எனக்கு இன்னும் சந்தோஷம்தான்.

கடைசியாக ஒரு நல்ல டாக்டர் கிடைத்தார். கோவைதான், பெண் டாக்டர். அங்கேயும் ஒரு நாள் வீணானது, ஆனால் டாக்டரால் இல்லை. தாடையை ஒட்டிப் பரு, மாதவிடாயும் தள்ளித் தள்ளி வருவதால், சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்க்க ஹார்மோன் டெஸ்ட் எழுதினார். லேபுக்கு ஃபோன் செய்து கேட்டேன். "வெறும் வயித்தோட வாங்க" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. சீசன் நேரம். ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகளை எல்லாம் எங்கள் வழியாகத்தான் திருப்பிவிடுவார்கள். குஞ்சப்பனை பக்கம் பலா பழுக்கும் காலம் வேறு, யானை ரோட்டோரம் நின்றதால் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்கள். வெறும் வயிற்றில் வளைவு வளைவாக இறங்கி, மேட்டுப்பாளையத்தில் வாந்தி எடுத்து, ஒருவழியாக லேபில் போய் நின்றால், கவுண்டரில் இருந்த பெண், "இன்னிக்கு உங்களுக்கு எத்தனாவது நாள்?" என்றார். இந்த ஹார்மோன்களை மாதவிடாய் தொடங்கிய இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் எடுத்தால்தான் கணக்கு சரியாக வருமாம். ஃபோனில் கேட்டபோது இதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அப்படியே திரும்பி வந்தேன்.

இந்த டெஸ்ட் எழுதிக் கொடுத்தால் "எந்த நாளில் எடுக்க வேண்டும், வெறும் வயிறா, எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும்" என்ற மூன்றையும் டாக்டரிடமே கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மலையிலிருந்து போகிறவர்களுக்கு அது ஒரு நாள் சம்பளம்.

டெஸ்ட் பிறகு சரியான நாளில் முடிந்தது, பெரிதாக ஒன்றும் இல்லை. இரவில் பூச அடாபலீன் ஜெல், காலையில் பென்சாயில் பெராக்சைடு, மென்மையான ஒரு ஃபேஸ் வாஷ். ஸ்டீராய்டு விட்ட சிவப்பு அடங்க மட்டும் நாளானது. அப்புறம்தான் சாப்பாட்டுப் பேச்சே வந்தது. "சாப்பாடுதான் காரணம்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. சம்பந்தமே இல்லைன்னும் சொல்ல முடியாது. உங்க டீக் கணக்கைப் பார்த்தா, சோதிச்சுப் பார்க்கலாம்னு தோணுது" என்றார். இவ்வளவு நாளில் ஒரு டாக்டர் என்னிடம் நிதானமாகப் பேசியது அன்றுதான்.

அவர் சொன்னதை ஊட்டியில் பி.ஃபார்ம் படிக்கும் என் சித்தி மகள் பிறகு எனக்கு விளக்கினாள். சர்க்கரை, மைதா, பட்டை தீட்டிய அரிசி இதெல்லாம் இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். அதை இறக்க இன்சுலின் கூடுதலாகச் சுரக்கும், கூடவே ஐ.ஜி.எஃப்-1 என்ற ஹார்மோனின் வேலையும் கூடும். இவை எண்ணெய்ச் சுரப்பியை முடுக்கிவிடும், தோல் துளையின் வாயில் செல்களும் வேகமாகச் சேர்ந்து அடைக்கும். 2007இல் ஆஸ்திரேலியாவில் 15 முதல் 25 வயது வரையுள்ள 43 ஆண்களை வைத்து 12 வாரம் சோதித்திருக்கிறார்கள். சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவு சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 23 பரு குறைந்தது, மற்றவர்களுக்கு 12. முதல் வகையினருக்கு எடையும் குறைந்தது, அதனால் பலன் எதனால் வந்தது என்று பிரிப்பது கஷ்டம் என்பதையும் அவளே சொன்னாள்.

சாக்லேட் கதையும் அவளிடம்தான் கேட்டேன். 1969இல் அமெரிக்காவில் 65 பேருக்குச் சாக்லேட் கொடுத்துப் பார்த்து, பருவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று முடிவு சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த போலிச் சாக்லேட்டில் கொக்கோ இல்லையே தவிர, கொழுப்பும் சர்க்கரையும் ஏறக்குறைய அதே அளவு. இரண்டிலும் சர்க்கரை இருந்தால் வித்தியாசம் எப்படித் தெரியும்? இதை நம்பித்தான் பல வருஷம் டாக்டர்கள் "சாப்பாட்டுக்கும் பருவுக்கும் சம்பந்தம் இல்லை" என்று சொல்லி வந்தார்கள். பால் விஷயத்தில் 2005இல் 47,000க்கும் மேற்பட்ட அமெரிக்க நர்ஸ்களிடம் பள்ளி வயதில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு ஓர் ஆய்வு வந்தது. பால் அதிகம் குடித்தவர்களிடம், அதிலும் கொழுப்பு நீக்கிய பால் குடித்தவர்களிடம், பரு சற்றுக் கூடுதலாக இருந்தது. ஆனால் அது பழைய ஞாபகத்தை வைத்துச் சொன்னது. 2024இல் அமெரிக்கத் தோல் மருத்துவ அகாதமி வெளியிட்ட வழிகாட்டுதலிலும், உணவு பற்றி உறுதியாகப் பரிந்துரைக்கச் சான்று போதவில்லை என்றுதான் இருக்கிறது. இவ்வளவுதான் நிலவரம். இதற்கு மேல் யாராவது "இதைச் சாப்பிட்டால் நிச்சயம் போய்விடும்" என்று பவுடர் விற்றால் வாங்காதீர்கள்.

சோதனைக்கு டாக்டர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், குறைந்தது பத்துப் பன்னிரண்டு வாரம். தோலுக்கு உள்ளே ஒரு பரு உருவாகி வெளியே தெரிவதற்கே வாரக்கணக்கில் ஆகும். நேற்றுச் சாப்பிட்டதற்கும் இன்று வந்த பருவுக்கும் முடிச்சுப் போடுவதில் அர்த்தமில்லை.

முதலில் சர்க்கரையும் மைதாவும். கேட்கச் சுலபம், நீலகிரியில் செய்வது கஷ்டம். யார் வீட்டுக்குப் போனாலும் டீ வந்துவிடும், வேண்டாம் என்றால் மனம் வருத்தப்படுவார்கள். "டாக்டர் சொல்லியிருக்காங்க அத்தை, பால், சர்க்கரை போடாத கட்டன் டீ மட்டும் குடுங்க" என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஃபேக்டரியில் பெரிய பாத்திரத்தில் பாலும் சர்க்கரையும் கலந்தே கொதிக்கும். அங்கே டீ போடும் அக்கா, நான் கேட்ட மறுநாளிலிருந்து பால் ஊற்றுவதற்கு முன்பே ஒரு டம்ளர் சாயத்தை எனக்காக வடித்து, தட்டு போட்டு மூடி வைத்துவிடுகிறார். நல்ல இலையில் போட்ட டீக்குச் சர்க்கரையே வேண்டாம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது, நான் வேலை பார்ப்பதோ டீ ஃபேக்டரியில்.

வர்க்கியை விடத்தான் மனசு வரவில்லை. அடுக்கடுக்காக, விரல் பட்டாலே உதிரும் அந்த மொறுமொறுப்பு டீயில் நனைந்து மெத்தென்று ஆகும் ருசி எங்களுக்குப் பழகியது. ஆனால் அது மைதாவும் கொழுப்பும்தான். அதற்குப் பதில் வேகவைத்த அவரையோ சுண்டலோ எடுத்துப் போனேன். மதியம் சோற்றைக் குறைத்து, அவரைக் குழம்பும் கீரையும் பீன்ஸ் பொரியலும் கூட்டினோம். மலைக்காய்கறி இங்கே மலிவு, கீன்வாவைத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

இதில் ஏமாற்றும் பொருட்கள் சில உண்டு. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, மலைத்தேன் எல்லாமே சர்க்கரைதான், பருவைப் பொறுத்தவரை சலுகை கிடையாது. சிறுதானிய பிஸ்கட் வாங்கினால் பின்னால் படியுங்கள், பலவற்றில் முதலில் இருப்பது மைதா, அடுத்து சர்க்கரை. ராகி நல்லதுதான், ஆனால் நைசாக அரைத்த மாவில் காய்ச்சி வெல்லம் போட்டுக் குடித்தால் சர்க்கரை வேகமாகத்தான் ஏறும். பாலில் கலக்கும் மால்ட் பவுடரும் அப்படியே. ஜிம்முக்குப் போகும் தம்பிமார்களுக்கு ஒன்று, பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பவுடர் தொடங்கிய பிறகு முதுகிலும் முகத்திலும் பரு வந்தால் டாக்டரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

சர்க்கரையை விட்டு மூன்றாவது மாதம் வாக்கில் புதிதாகக் கட்டி வருவது நன்றாகக் குறைந்தது. ஜெல்லும் கூடவே போட்டதால் எது எவ்வளவு செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பிறகு தயிர், மோர் உட்பட மிச்சமிருந்த பாலையும் தனியாக நிறுத்திப் பார்த்தேன். எனக்கு எந்த வித்தியாசமும் இல்லை, அதனால் தயிரும் மோரும் திரும்ப வந்துவிட்டன. முட்டையும் கோழியும் வந்துவிட்டன. அம்மா முதல் நாள் தட்டில் முட்டை வைத்தபோது எனக்கு அவ்வளவு நிம்மதி. மாதவிடாய்க்கு முந்தைய வாரம் தாடையில் ஒன்றிரண்டு இப்போதும் வருகிறது.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். குளிருகிறதே என்று வெயிலை லேசாக எண்ணக் கூடாது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் புற ஊதாக் கதிர் கூடும், கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர். அடாபலீன் போடும் முகம் சீக்கிரம் கறுக்கும், சன்ஸ்க்ரீன் கட்டாயம். உறைபனி மாதங்களில் ஜெல் முகத்தை உரித்துவிடும். அதற்குத் தேங்காய் எண்ணெயைத் தேய்க்காதீர்கள், துளையை அடைக்கும். எண்ணெய் இல்லாத மாய்ஸ்சரைசர் போதும், எரிச்சல் இருந்தால் ஜெல்லை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பென்சாயில் பெராக்சைடு பட்டால் தலையணை உறை வெளுத்துவிடும், வெள்ளை உறை போடுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் எந்தப் பரு மருந்தானாலும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கடுமையான பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கருவில் இருக்கும் குழந்தைக்கு ஆபத்து.

டாக்டரிடம் போகும்போது இதுவரை போட்ட எல்லா ட்யூப், மாத்திரை அட்டை, காலி டப்பா எதையும் வீசாமல் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். என் ஸ்டீராய்டு ட்யூபை அம்மா குப்பையில் போட்டுவிட்டார். பேர் தெரியாமல் முழித்தபோது, பக்கத்து வீட்டு அக்காதான் தன்னுடையதை ஃபோட்டோ எடுத்து அனுப்பினார். அவரையும் அன்றோடு அதை நிறுத்தச் சொல்லி, அடுத்த முறை என்னோடு கோவைக்குக் கூட்டிப் போனேன். இருவருக்கும் சேர்த்து அடுத்த தேதியை மார்ச்சிலேயே வாங்கி வைத்திருக்கிறோம், சீசன் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் போய்த் திரும்பிவிடலாம்.