கிளிமஞ்சாரோ: மலைக்கு ஒரு விலை, சிங்கத்துக்கு ஒரு விலை

முதலில் காசைப் பேசிவிடுவோம். ஆப்பிரிக்காவில், தான்சானியா நாட்டில் இருக்கும் கிளிமஞ்சாரோ தேசியப் பூங்காவுக்குள் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் வெளிநாட்டவர் 70 டாலர் கட்ட வேண்டும். குடிலில் தூங்கினால் இரவுக்கு 60. மீட்புக் கட்டணம் 20. இவற்றின் மேல் 18 சதவீத வரி. வழிகாட்டி, சமையல்காரர், சுமைதூக்கிகளின் கூலியெல்லாம் இதற்குப் பிறகுதான். அரசுக்குக் கட்டுவதில் ஒரு பைசா குறையாது. ஆகவே யாராவது பாதி விலையில் மலையேற்றுகிறேன் என்றால், அந்த மீதிப் பாதி சுமைதூக்கியின் கூலியிலிருந்துதான் போகிறது. அப்படிப்பட்ட ஆளிடம் போகாதீர்கள்.

விமான நிலையத்திலிருந்து மலையடிவாரத்து மோஷி நகரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். டாக்சிக்காரர் பேசிய தொகை ஒன்று, இறங்கும்போது கேட்டது இன்னொன்று. பைக்குத் தனி, இருட்டிவிட்டதற்குத் தனி, வழியில் நான் தண்ணீர் வாங்க நிறுத்தியதற்குத் தனி! விடுதி வாசலில் கால் மணி நேரம் சண்டை. வாசல் காவலாளி சிரித்துக்கொண்டே நடுவே வந்து பாதியாகக் குறைத்துவிட்டார். அப்போதும் எனக்கு நஷ்டம்தான்.

நான் போனது மராங்கு பாதை. கூடாரம் இல்லாமல் குடில்களில் தங்க முடிகிற ஒரே பாதை இது. அதனாலேயே மற்றப் பாதைக்காரர்கள் இதைக் 'கோக்க கோலா பாதை' என்று கேலி செய்வார்கள். செய்துகொள்ளட்டும். மழையில் ஈரக் கூடாரத்தை மடித்துக் கட்டியது அவர்கள், நான் இல்லை. மண்டாரா குடில் 2,720 மீட்டர், ஹொரொம்போ 3,720, கிபோ 4,720. இந்தப் பாதையில் தோற்றுத் திரும்புகிறவர்களில் பலர் ஹொரொம்போவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்காமல் மேலே ஓடியவர்கள். உடம்பு உயரத்துக்குப் பழக அந்த நாள் வேண்டும். அதற்கும் கட்டணம் உண்டு என்று தெரிந்தபோது வயிறு எரிந்தது. ஆனாலும் அதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

ஹொரொம்போவின் சாப்பாட்டைப் பற்றி எழுதாவிட்டால் பாவம். அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், பயறு எளிதில் வேகாது. எங்கள் சமையல்காரர் விவரமானவர். பீன்ஸ் பயறைக் கீழேயே வேகவைத்துக் கொண்டுவந்து, மேலே வெங்காயமும் தக்காளியும் வதக்கிச் சேர்த்தார். அதோடு சுடச்சுடச் சப்பாத்தி, பிலிபிலி மிளகாய்ச் சாறு. அதற்கு முன்னால் இஞ்சி தட்டிப்போட்ட கேரட் சூப். உயரத்தில் பசி செத்துவிடும் என்று பயமுறுத்தியிருந்தார்கள். நான் மூன்றாவது சப்பாத்தி கேட்டேன். நட்சத்திர விடுதிகளில்கூட இவ்வளவு திருப்தியாகச் சாப்பிட்டதில்லை.

உச்சிக்குப் புறப்படுவது நள்ளிரவில். கிபோவுக்கு மேலே சரிவு முழுவதும் பொடிக்கல். இரவுக் குளிரில் அது உறைந்து இறுகியிருக்கும்போது ஏறிவிட வேண்டும். வெயில் வந்தால் இரண்டு அடி ஏறினால் ஓரடி வழுக்கும். வழிகாட்டி 'போலே போலே' (மெதுவாக, மெதுவாக) என்று சொல்லி நடத்திக்கொண்டே இருந்தார். புட்டியில் தண்ணீர் உறைந்துவிட்டது. தலைகீழாக வைத்தால் வாய்ப்பக்கம் கடைசியில்தான் உறையும், நினைவில் வையுங்கள். கில்மன் முனை வந்ததும் முடிந்தது என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. 5,895 மீட்டரில் இருக்கும் உஹுரு சிகரத்துக்கு எரிமலை வாயின் விளிம்பிலேயே இன்னும் நடக்க வேண்டும்.

1961இல் நாடு விடுதலை பெற்றபோது தீபம் ஏற்றிய இடம் அது. அங்கே நான் கண்டது ஒரு வரிசை. படம் எடுக்கத்தான்! ஒரு கூட்டம் கொடி, பிறகு நிறுவனப் பேனர், பிறகு மேற்சட்டையைக் கழற்றி ஒன்று என்று சிகரத்தின் பெயர்ப்பலகையை விட்டு நகரவே இல்லை. காற்றில் ஆக்சிஜன் பாதிதான், இல்லாவிட்டால் நன்றாகத் திட்டியிருப்பேன். பனிப்பாறைகள் மட்டும் கோபத்தைக் கொஞ்சம் ஆற்றின. நீலம் பாய்ந்த அந்தச் சுவர்கள் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிவருகின்றன. பார்க்க ஆசையிருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

சுமைதூக்கிக்கு 20 கிலோதான் உச்சவரம்பு, பூங்கா வாசலில் எடை போடுகிறார்கள். அன்பளிப்பை மொத்தமாக ஒருவரிடம் தராமல், ஷில்லிங்காக மாற்றி ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள்.

மலைக்குப் பிறகுதான் சஃபாரி, மாற்றிச் செய்யாதீர்கள். தொடை வலிக்கு ஜீப் இருக்கைதான் மருந்து. இங்கோரோங்கோரோ எரிமலைக் குழிக்குள் ஒரு ஜீப் இறங்க வரியோடு 295 டாலர், ஆள் கட்டணம் தனி. அதனால் ஆறு பேர் சேராமல் கிளம்பக் கூடாது. 600 மீட்டர் கீழே இறங்கினால் வரிக்குதிரை, காட்டெருது (வில்டபீஸ்ட்), எருமை என்று கண்ணுக்கு எட்டிய வரை மந்தை. ஒரு சிங்கம் எங்கள் ஜீப்பின் நிழலில் வந்து படுத்துக்கொண்டது. அது எழுந்திருக்கும்வரை நாங்களும் நகரவில்லை. காண்டாமிருகம் தொலைவில் ஒரு கறுப்புப் புள்ளி. அதைப் பார்க்க, ஓட்டுநர்கள் தங்களுக்குள் பேசும் வானொலியில் செய்தி வந்ததும் பதினைந்து ஜீப்புகள் புழுதி கிளப்பிப் பறந்ததுதான் அசிங்கம். நீர்யானைக் குளத்தருகே மதிய உணவுக்கு இறங்கினோம். பொட்டலத்தைப் பிரித்த அடுத்த நொடி ஒரு பருந்து என் கோழித்துண்டைக் கையிலிருந்தே தூக்கிப் போனது. ஜீப்புக்குள்ளேயே சாப்பிடுங்கள்.

விசா இணையத்திலேயே 50 டாலர். மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டுச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள், இந்தியா திரும்பும்போது கேட்கலாம்.

செரங்கெட்டி தேசியப் பூங்கா இம்முறை பட்ஜெட்டில் அடங்கவில்லை. பணம் சேர்ந்தால் ஒரு பிப்ரவரியில், காட்டெருதுகள் கன்று போடும் காலத்தில், அதன் தெற்குச் சமவெளிக்குப் போவேன். கிளிமஞ்சாரோவுக்கு மறுபடியும் போவாயா என்று கேட்டால், வேறு யாராவது செலவு செய்தால் போவேன்.