சிவப்புக் கோடு பிடிச்ச பாதை

ஒஸ்லோவில இண்டைக்கு முதல் பனி. மனம் நேரே நூர்மார்க்காக் காட்டுக்குள்ள ஓடீட்டுது.

சொங்ஸ்வான் ஏரியடியில இறங்கினதும் அப்பா பனியில சறுக்கிற ஸ்கீப் பலகையின்ர அடியில நீல மெழுகைத் தேய்ச்சு, கோர்க் கட்டையால அழுத்தி அழுத்தித் தடவுவார். அது சரிவராட்டி ஏத்தத்தில கால் பின்னுக்கு வழுக்கும். யாழ்ப்பாணத்தில பிறந்த மனுசன், முப்பது வயசுக்குப் பிறகு பழகின வேலை. எவ்வளவு பொறுமை!

குளிர்காலப் பாதைக்கு மரங்களில சிவப்பு அடையாளம், கோடைக்கு நீலம். சிவப்பைப் பிடிச்சுப் போனா 5, 6 கிலோமீற்றரில உல்லவோல்சேத்தர் எண்ட காட்டுச் சிற்றுண்டிச்சாலை. அங்க அம்மா தந்துவிட்ட இஞ்சித் தேத்தண்ணியும் தோடம்பழமும். கையுறையைக் கழட்டி அந்தத் தோலை உரிக்கேக்க வாற வாசம்... இப்பவும் மூக்கில நிக்குது.

திரும்பேக்க இருட்டீடும். விளக்கு வெளிச்சத்தில ரெண்டு பேரின்ர ஸ்கீயும் பனியில உரசுற சத்தம் மட்டும்தான்.

பனி நல்லாப் படியட்டும், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகப்போறன். மெழுகு அவர்தான் பூசவேணும்.