யூரியா கிரீம் கேட்டால் ஸ்டீராய்டு தருகிறார்கள்

பிறவியிலேயே தோல் தடித்துச் செதில் செதிலாக உரியும் லாமெல்லர் இக்தியோசிஸ் உள்ள குழந்தைக்கு டாக்டரும் சீட்டும் கிடைப்பதில் பெரிய சிக்கலில்லை. பாடெல்லாம் மெடிக்கல் ஷாப்பில்தான். சீட்டில் இருந்தது 10% யூரியா கிரீம். கடைக்காரர் நீட்டியது குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டும் சாலிசிலிக் அமிலமும் கலந்த ட்யூப். "செதிலுக்கு எல்லாரும் இதத்தாங்க வாங்குறாங்க, சீக்கிரம் கேக்கும்" என்றார். இன்னும் கோபம் ஆறவில்லை.

அந்தக் கலவை சொரியாசிஸ் போன்றவற்றுக்கு, குறிப்பிட்ட இடத்தில், கொஞ்ச நாள் போடுவது. இக்தியோசிஸ் உடம்பு முழுக்க, ஆயுசு முழுக்க இருப்பது. தோலின் தடுப்பே பழுதாகியிருப்பதால் பூசுவது எளிதாக ரத்தத்தில் இறங்கும். குழந்தைக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம் என்பதால் ஆபத்தும் அதிகம். சாலிசிலிக் ஏறினால் வாந்தி, காதிரைச்சல், மூச்சிரைப்பு வரும். குளோபெட்டசால் தோலை மெலியவைக்கும், அட்ரினல் சுரப்பியை அடக்கும். இக்தியோசிஸில் நெதர்டன் என்ற வகையில், ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்புகூட ரத்தத்தில் அளவு மீறி ஏறியிருக்கிறது. எனவே பெரிய எழுத்துப் பெயரை நம்பாமல், பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் கலவையைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள். வாக்குவாதத்துக்குப் பிறகு எங்களுக்குச் சரியான கிரீமை வரவழைத்துத் தந்தார்கள்.

அடுத்த தொல்லை அளவு. பெரியவர் உடம்பு முழுக்க ஒருமுறை பூசவே சுமார் 30 கிராம் ஆகும். ஒரு ட்யூப் அதோடு சரி. வெள்ளை சாஃப்ட் பாரஃபினோ (வாசலின் மாதிரி) கிளிசரின் கிரீமோ அரைக்கிலோ டப்பாவாக வாங்குங்கள். விரலை விடாமல் ஸ்பூனால் எடுங்கள், கிருமி சேராது.

வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, நனைந்த பழைய வேட்டித் துணியால் மெல்லத் தேய்த்தால் ஊறிய செதில் திரிதிரியாக வரும். வராததைப் பிய்க்காதீர்கள். ஈரத்தை ஒற்றி, மூன்று நிமிடத்துக்குள் பூச வேண்டும்; முடி சாயும் திசையிலேயே தடவினால் மயிர்க்கால் சீழ் பிடிக்காது.

வெடிப்பில் யூரியா பட்டால் எரியும், குழந்தை அடுத்த தடவை கிரீமைக் கண்டாலே அலறும். முதலில் வெறும் பாரஃபினால் வெடிப்பை மூடவிட்டு, பிறகு யூரியாவுக்குப் போங்கள். லாக்டிக் அமிலத்துக்கும் இதேதான்.

பாரஃபின் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். துவைத்தாலும் முழுதாகப் போகாது. அடுப்பு, குத்துவிளக்குப் பக்கம் விடாதீர்கள். சித்திரை வெயிலில் வியர்வை வெளிவராமல் உடம்பு கொதிக்கும் என்பதால், வெளியே போனால் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் கையோடு இருக்கட்டும்.