பழைய மாருதி 800 சூடேறினால்

எப்போது சூடேறுகிறது என்பதை முதலில் கவனியுங்கள். சிக்னலில் நிற்கும்போது டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் ஏறி, வண்டி ஓடும்போது இறங்கினால் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன் மேல்தான். இக்னிஷனைப் போட்டு, ஃபேன் சுவிட்சின் (எஞ்சின் சூடானதும் தானாக ஃபேனை ஓடவிடும் சுவிட்ச்) கனெக்டரைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் வயரால் இணையுங்கள். ஃபேன் சுற்றினால் சுவிட்ச் போயிருக்கிறது; சுற்றாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்று பாருங்கள்.

நெடுஞ்சாலையில் ஓடும்போது முள் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும் வால்வு). கழற்றிய தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டால், அதில் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்க வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாமலே ஓட்டச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எஞ்சின் சரியாகச் சூடாகாமல் பெட்ரோல் குடிக்கும்.

போர் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரில் உப்புப் படிந்து ட்யூப் அடைத்துக்கொள்ளும். கூலண்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள்.

நன்றாக ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யும்போது விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கலாம். மேற்கொண்டு ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும்.