துன்மதி: நாவல் எழுதும் நாட்களின் குறிப்பு

மே 27

நாவலில் காலப் பயணம் உண்டு என்று முடிவானபின், அதற்காக ஓர் இயந்திரத்தையோ மந்திரக் கல்லையோ தேட எனக்கு மனம் வரவில்லை. வழி நம் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது; அவை முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து சுற்றி வரும். ஆகவே அவற்றில் ஒன்றான துன்மதி 1801-இல் வந்தது, 1861, 1921, 1981 ஆகியவற்றிலும் வந்தது. நெல்லைச் சீமையின் பழைய ஓலைகளில் தொடர்ந்து எண்ணிச் செல்லும் கொல்லம் ஆண்டையும் சேர்த்து எழுதுவார்கள். அது விடுபட்டு, ‘துன்மதி வருஷம் சித்திரை மாதம்’ என்று மட்டும் இருந்தால் எந்தத் துன்மதி என்று அறிய முடியாது. அந்த மயக்கத்தின் வழியேதான் என் செண்பகம் நுழைகிறாள். பாளையங்கோட்டையில் ஆசிரியையாக இருக்கும் அவள், 1981 சித்திரை முதல் நாளில் பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயிலில் பஞ்சாங்கம் படிப்பதைக் கேட்டபடி கண் மூடுகிறாள்; 1801-இன் சித்திரையில் கண் திறக்கிறாள்.

மே 31

சுற்றிலும் சீமைக் கருவேல் ஒன்றுகூட இல்லை என்பதே அவளுக்கு முதல் அதிர்ச்சி. இரண்டாவது, கோட்டை. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட 1799-இல் தகர்க்கப்பட்ட கோட்டை, 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தபின் சில நாட்களிலேயே மண்ணால் மீண்டும் எழுப்பப்பட்டுவிட்டது. மார்ச் 31 அன்று ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மோதிப் பார்த்துத் தோற்றுப் பின்வாங்கியிருந்தது. ஊரே பூரித்திருக்கும் அந்த நேரத்தில், மே 24 அன்று கோட்டை விழும் என்பதை அறிந்தவள் அவள் ஒருத்தியே. அவளுக்கும் ஒரு கோட்டை வீரனுக்கும் இடையே மலரும் காதலுக்கு வாய்த்திருப்பது சித்திரை முழுவதும், வைகாசியில் கொஞ்சமும்தான்.

ஜூன் 4

காதலை எங்கே தொடங்குவது என்பது இன்று தெளிவாயிற்று. செண்பகத்தின் மேற்கையில் அம்மை குத்திய தழும்புகள் இரண்டு, வட்டமாக, நடுவில் சற்றுக் குழிந்து இருக்கின்றன. அந்தக் கோட்டை வீரனின் முகத்திலோ பெரியம்மை வந்து போன வடுக்கள். “யாரம்மா உனக்குச் சூடு வைத்தது?” என்று அவன் கோபத்தோடு கேட்கிறான். அம்மை குத்தும் முறை இந்தியாவுக்கு வந்தது 1802-இல்தான். அவனுக்கு விளக்கிச் சொல்ல அவளிடம் சொல் இல்லை. அவள் உண்மையை மறைக்கும் முதல் இடமும் இதுவே என்பதால் இக்காட்சியை நிதானமாக எழுதினேன்.

ஜூன் 9

நாவலின் உயிர்நிலை என் கற்பனையன்று. அப்போரில் கம்பெனிப் படை அதிகாரியாக இருந்த வெல்ஷ் தம் நினைவுக் குறிப்பில் பதிந்த செய்தி அது. கோட்டை வீழ்ந்தபின் ஒரு தாய் களத்தில் தன் மகனைத் தேடி வருகிறாள். குற்றுயிராய்க் கிடந்த மகனைத் தூக்க முனைந்தபோது அவன், தன்னை விட்டுவிட்டு அருகே காயமுற்றுக் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றும்படி வேண்டுகிறான். தாய் அதற்கு இசைகிறாள். எதிரிகளின் ஆட்கள் வந்தபோது, பெண்கள் ஊமைத்துரையைத் துணியால் மூடி, அம்மை கண்டு இறந்த பிள்ளை என்று ஒப்பாரி வைக்க, வந்தவர்கள் அஞ்சி விலகிப் போகிறார்கள். அந்த மகனே என் நாயகன். அம்மைக்கு அஞ்ச வேண்டாத ஒரே பெண்ணாக அந்த ஒப்பாரியில் செண்பகமும் இருக்கிறாள்.

ஜூன் 12

இதுவரை எழுதியதைப் படித்த என் நாத்தனார், “மைனி, அந்தப் பயல மட்டும் சாகடிச்சிராதிய” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் நெஞ்சு கனக்கிறது. ஆனாலும் அவனைப் பிழைக்க வைத்தால், அந்தத் தாய் செய்ததை நான் பறித்தவளாவேன்.

ஜூன் 16

ஊமைத்துரையும் நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்படுவார். களத்தில் நிற்கும்போதே செண்பகத்துக்கு அது தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் தாய் மகனைத் தூக்கியிருக்கக்கூடும். அவன் கேட்டது வேறாக இருந்ததால் அவள் வாய் திறக்காமல் தலைவனின் கால்களைப் பிடித்துத் தூக்குகிறாள். அவளைக் கோழை என்றோ தியாகி என்றோ யாரும் சொல்லாதபடி இந்தப் பக்கத்தை எழுத வேண்டும்.

அவள் உடனே திரும்பிவிட முடியாது என்றும் முடிவு செய்துவிட்டேன். துன்மதி முடியும் பங்குனிக் கடைசி வரை, பத்து மாதங்களுக்கு மேல், அவள் அந்தத் தாயின் வீட்டிலேயே இருக்க வேண்டும். நவம்பர் செய்தி வந்து சேரும் நாளிலும் அங்கேதான் இருக்க வேண்டும். உனக்கு முன்பே தெரியுமா என்று தாய் கேட்பாள். அந்தக் கேள்வியை நோக்கி, ஆனி மாதத்திலிருந்து அடுத்த அத்தியாயத்தைத் தொடங்கியிருக்கிறேன்.