அச்சு ஒன்றுதான், தட்டு ஒன்றல்ல

டிஸ்க் கோல்ஃப், அதாவது தட்டை எறிந்து கூடையில் விழவைக்கும் ஆட்டம், அதற்கான தட்டுகள் வார்க்கும் மோல்டிங் பிரிவில் வேலை என்று சொன்னாலே ஆட்டக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். "அச்சு ஒண்ணுதானே, அப்புறம் ஏன் போன தடவை வாங்கினது மாதிரி இது பறக்கலை?" நியாயமான கேள்விதான். அச்சு எஃகு, அது அப்படியேதான் இருக்கிறது. மாறுவது பிளாஸ்டிக் ஆறுகிற விதம்.

தட்டின் நடுப்பகுதி மெல்லியது, விளிம்பு தடிமன், அதுவும் மிக நீண்ட தூரம் எறிவதற்கான டிஸ்டன்ஸ் டிரைவர் வகைகளில் விளிம்பின் அகலம் பெரும்பாலும் 2 சென்டிமீட்டரைத் தாண்டும். உருகிய பிளாஸ்டிக் நடுவிலிருந்து பாய்ந்து விளிம்பை நிரப்பியதும் நடுப்பகுதி சட்டென்று இறுகிவிடும், விளிம்புக்குள் மட்டும் சூடு தங்கும். அச்சைத் திறந்து தட்டை வெளியே எடுத்த பிறகும் விளிம்பு சுருங்கிக்கொண்டே இருக்கும், ஏற்கெனவே இறுகிய நடுப்பகுதியைச் சுற்றிலுமிருந்து நெருக்கும், அது போக வழியில்லாமல் மேலே எழும்பும். அச்சுக்குள்ளேயே ஆறவிடும் கூலிங் நேரத்தில் சில நொடிகளைக் குறைத்தால் சில தட்டுகள் மேடாக வரும், கூட்டினால் தட்டையாக வரும். இதே சுருக்கம் அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விளிம்பில் விழும் கோட்டையும் கொஞ்சம் ஏற்றி இறக்கிவிடும். கோடு மேலே போனால் தட்டு சீக்கிரம் பக்கவாட்டில் சரிந்து இறங்கும், கீழே வந்தால் நேராக மிதக்கும்.

இத்தனைக்கும் மிஷின் திரையில் எண்கள் ஒன்றுகூட மாறியிருக்காது. என் அனுபவத்தில் தொல்லை பெரும்பாலும் இடைவெளியில்தான். ஏதோ ஒரு காரணத்துக்கு மிஷினை நிறுத்துவோம், அச்சு ஆறிவிடும், பிளாஸ்டிக்கை உருக்கும் குழாயான பேரலுக்குள் கிடப்பதோ தேவைக்கு மேல் வெந்துகொண்டிருக்கும். மறுபடி ஓட்டும்போது முதலில் விழும் தட்டுகள் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் அடுத்து வருபவற்றோடு வைத்துப் பார்த்தால் வேறு ஜாதி. அவற்றை அரவைக்குத் தள்ள மனசு வராது, தள்ளித்தான் ஆக வேண்டும்.

ஈரமும் அப்படித்தான். டிபியூ என்கிற பிளாஸ்டிக் வகை காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், சரியாக உலர்த்தாமல் மிஷினின் ஹாப்பரில் (மேலே இருக்கும் தொட்டியில்) கொட்டினால் உள்ளே குமிழி வரும், உருகியது தண்ணியாக ஓடி விளிம்பில் ஃபிளாஷ், அதாவது அச்சின் இடுக்கில் கசிந்த மெல்லிய பிசிறு, தள்ளும். நிறமியும் சுருக்கத்தை மாற்றும். "அந்தக் கலர்தான் நல்லாப் பறக்கும்" என்று அடம்பிடிப்பவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனமில்லை.

எல்லோரும் முதலில் தேடுவது அடியில் எழுதியிருக்கும் எடையை. விதிப்படி விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம் உச்சவரம்பு, ஆகவே 21.1 சென்டிமீட்டர் தட்டு சுமார் 175 கிராம்வரை போகலாம். சரி, அது தராசு சொல்வது. பறப்பைப் பற்றி அது அவ்வளவாகச் சொல்லாது. பழைய தட்டையும் புதியதையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணை மேஜை மட்டத்துக்குத் தாழ்த்தி, மேட்டையும் விளிம்பிலுள்ள அந்த இணைப்புக் கோட்டின் உயரத்தையும் பாருங்கள், நாங்கள் உள்ளே பார்ப்பதும் அதைத்தான்.