06 04: கட்டளையா, எண்ணா?

காட்பாடியில் டிப்ளமோ படிக்கும் அக்கா மகள் நேற்று சாயங்காலம் சத்துவாச்சாரி வீட்டுக்கு நோட்டோடு வந்தாள். 8085 என்ற மைக்ரோபிராசஸர் சிப் பற்றிய பாடம்.

"மாமா, மெமரியில இருக்கிறது எல்லாமே எண்தானே? எது கட்டளை, எது டேட்டான்னு சிப்புக்கு எப்படித் தெரியும்?"

எவ்வளவு நல்ல கேள்வி! மெமரியில் ஓர் இடத்தில் இருக்கும் எண்ணை, அதாவது பைட்டை, பார்த்து மட்டும் சிப்புக்குத் தெரியாது. ரெஜிஸ்டர் என்பது சிப்புக்குள்ளேயே எண்ணை வைக்கும் சிறு இடம்; புரோகிராம் கவுன்ட்டர் என்ற 16 பிட் ரெஜிஸ்டர் எந்த முகவரியைக் காட்டுகிறதோ, அங்கே இருப்பதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

நோட்டில் 06 04 என்று எழுதினேன். ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறையில்) 06 என்றால் 'அடுத்த பைட்டை பி ரெஜிஸ்டரில் போடு'. பி-யில் 4 வரும், கவுன்ட்டர் இரண்டு இடம் நகரும். அதே கவுன்ட்டர் ஒரு பைட் தள்ளி, 04 மேல் வந்து நின்றால்? அது 'பி-யில் ஒன்றைக் கூட்டு' என்ற தனிக் கட்டளை ஆகிவிடும்! பைட் மாறவில்லை, நின்ற இடம்தான் மாறியது.

8085-இல் கட்டளை 1, 2 அல்லது 3 பைட் வரும். நீளத்தை முதல் பைட்டே சொல்லிவிடும். 32 பிட் மிப்ஸ் என்ற வேறு வகைச் சிப்பில் எல்லாமே 4 பைட், அதனால் கவுன்ட்டர் நாலு நாலாக ஏறும். வேறு இடத்துக்குத் தாவச் சொல்லும் ஜம்ப் கட்டளை வந்தால் மட்டும் புது முகவரி. இதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் அவளே 06 05 எழுதி, 05-ஐக் காட்டி, "கவுன்ட்டர் இங்க நின்னா, இது குறைக்கிறதா மாமா?" என்றாள். ஆமாம், 05 பி-யில் ஒன்றைக் குறைக்கும். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.